கடைசி பெஞ்சு கண்டுபிடித்த தவறு

எம்.ஏ. இசைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதை உறுதிசெய்ய இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி என்பதைத் தலைமை ஆசிரியையிடம் நான் சொல்லவில்லை.

திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

ஏழாம் வகுப்பு. வயலினில் ஒரு வர்ணம் வாசித்தேன். கடைசி பெஞ்சில் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த பெண் பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"நீங்க ஸ்பீடா போய்க்கினே கீறீங்க, மிஸ். புடிக்கவே முடில."

"ஏய், மிஸ்ஸையே சொல்றா பாரு!" என்று வகுப்பு கத்தியது.

"பின்ன, நானா ஓட்னேன்?"

என் பேராசிரியர் மூன்று வருடமாகத் திருத்தப் பார்த்த தவறு அது. இவளுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

"சரி, நீ தட்டு. நான் உன் கூடவே வரேன்."

தட்டினாள். வகுப்பே சேர்ந்து தட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வர்ணத்தைத் தொடங்கிய வேகத்திலேயே முடித்தேன்.

மேலே படிக்கலாமே என்று அறிவுரை சொல்ல வருபவர்கள், முதலில் அவள் முன்னால் வாசித்துக் காட்டிவிட்டு வரவும்.

நான்கு மணிக்கு, வேலைக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது மணி ஐந்தரை.