டிஸ்கஸ் மீனை வேண்டாம் என்றவர்

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். ஒல்லியான உடம்பு, பாதி நரைத்த பின்னல், யாரையும் நேராகப் பார்க்கும் கண்கள். டிஸ்கஸ் மீன் வளர்க்கப் பெரிய தொட்டி வாங்கி வாரக்கணக்காகியும் அதில் ஒரு மீன்கூட இல்லை. ஃபில்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலுள்ள பீங்கான் வளையங்களில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, தண்ணீரின் நஞ்சை முறிக்கும்வரை மீன் விடுவதில்லை என்றிருந்தார். தினமும் காலையில் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டவிட்டு, ஜன்னலோரம் நிறம் பார்ப்பார்.

அவருடைய பிறந்தநாளன்று வீடு நிறைய விருந்தாளிகள்; நானும் போயிருந்தேன். கொழுந்தனார் பிளாஸ்டிக் பையில் டிஸ்கஸ் மீன்களோடு வந்து நின்றார்.

"அண்ணி, சர்ப்ரைஸ்! தொட்டியில விட்டுடலாமா?"

"நக்கோ, வேண்டாம். தண்ணியில இன்னும் அம்மோனியா இருக்கு. விட்டா செத்துடும்."

"தண்ணி பளபளன்னு இருக்கே அண்ணி!"

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுக் குடேன். எல்லாரும் பார்க்கறாங்க" என்று கணவர் கெஞ்சினார்.

"உங்க தம்பி கௌரவத்துக்கு இதுங்க எதுக்கு சாகணும்?"

பட்டுப்புடவையோடு பையை வாங்கிப் படியிறங்கி, ஆட்டோ பிடித்து, மீன்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் கொழுந்தனார் கோபித்துக்கொண்டு போயிருந்தார். விருந்தாளிகளில் பாதிப் பேரும் கிளம்பிவிட்டார்கள்.

"அவனுக்கு போன் பண்ணி ஒரு ஸாரி சொல்லிடு" என்றார் கணவர்.

"வெறுங்கையோட வந்தா சோறு போடறேன்னு சொல்லுங்க" என்றபடி நர்ஸம்மா கேக்கை வெட்டத் தொடங்கினார்.

யாரும் கை நீட்டவில்லை. நான் பெரிய துண்டாகக் கேட்டு வாங்கினேன். அவர் பக்கம் நிற்க அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை.