ஏழேரி நாட்டுச் சாமிகளும் வண்டிப்பெரியாரில் ஒரு பால்கல்லும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயசீலன் போன் செய்தார். என் சிநேகிதி சுமதியின் கணவர். வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சுமதி மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சாவுக்கு நான் போகவில்லை, அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குப் பிறகும் போகவில்லை.

"அக்கா, வர்ற சனிக்கிழமையோட வருஷம் முடியுது. அதுக்குள்ள ஒருதடவ வந்துட்டுப் போங்க. அன்னைக்கு அம்மா திரும்பி வந்துருவாங்கன்னு பிள்ள காத்துக்கிட்டு இருக்கா. அவ அம்மா சொல்லிக்குடுத்த அந்த ஏழேரி நாட்டுக் கதைதான். நீங்க சொன்னாத்தான் நம்புவா" என்றார்.

நானும் சுமதியும் மீனாட்சிபுரத்தில் எட்டாவது படிக்கும்போது ஒரு நோட்டில் உண்டாக்கிய நாடு அது. ஏழு ஏரி, பதினெட்டுச் சாமி. காற்றை மேய்க்கிற தூசப்பன், மாடு கன்று போடும்போது விளக்குப் பிடிக்கிற ஈத்தாத்தா, பொய் சொன்னவர்களின் நிழலைப் பிடுங்கிக்கொள்கிற கருக்கலான் என்று போகும். செத்தவர்களின் ஆவி ஒரு கல்லில் குடியிருக்கும். ஒரு வருடம் நாள் தவறாமல் அந்தக் கல்லுக்குப் பாலும் உப்பும் வைத்தால் பழைய உடம்போடு வீடு திரும்பும். சாமிகளில் பாதி சுமதியுடையது. இந்தச் சட்டம் மட்டும் முழுக்க நான் எழுதியது. எங்கப்பா கிணற்றில் விழுந்து இறந்த மாதம் எழுதினேன்.

திங்கள் காலை 5.40க்கு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் 6.30க்குப் பழனி வண்டி. பழனியில் இட்லி, பிறகு தேனி. ஒரு மணிக்குக் குமுளி பஸ் கிடைத்தது. (மூணாறு வழி அழகு என்பார்கள். எனக்கு அன்றைக்கு அழகு தேவைப்படவில்லை.) குமுளியில் கேரள பஸ் மாறி 14 கிலோமீட்டர். வண்டிப்பெரியாரில் இறங்கும்போது மணி 3.50, மொத்தச் செலவு 310 ரூபாய். அங்கிருந்து எஸ்டேட் ஐந்து கிலோமீட்டர். ஆள் சேர்ந்தால் ஜீப்பில் தலைக்கு நாற்பது.

"யாரப் பாக்கணும்?" என்றார் ஜீப் டிரைவர்.

"ஜெயசீலன் ஊட்டுக்குப் போகணுமுங்க."

"ஓ, பால்கல்லு வீடா! அந்தப் பிள்ள தினமும் பால் வைக்கத பாத்துட்டு, இப்ப நாலு வீட்டுப் பொம்பளைங்க அதுக்கு மஞ்ச பூசி நேந்துக்கிடுதாங்க. எங்க அக்காகூடத்தான்."



வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் அந்தக் கல் இருந்தது. மஞ்சள், குங்குமம், அரளிப்பூ, நடுவில் ஒரு டம்ளர் பால், பக்கத்தில் ஒரு பிடி உப்பு. பெனிட்டாவுக்கு எட்டு வயது. நெற்றி சுமதியின் நெற்றியேதான். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"பெரியம்மா, ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்னைக்கு அப்பாதான் பால் வச்சாங்க. அது செல்லும்லா?"

குழாயடியில் நின்ற ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். மகளுக்காகக் கல்லுக்குப் பால் வைத்திருக்கிறார்.

செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அம்மா வராததற்கு அப்பாதான் காரணம் என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கும். டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"செல்லும் கண்ணு. ஆனா அந்தச் சட்டமே நெசமில்ல. நாந்தான் எழுதுனேன்."

"பொய்யா எழுதுனீங்களா?"

"எங்கப்பா செத்துப்போனாரு. வரோணும்னு ஆசையில எழுதுனேன். நானும் பால் வச்சேன்."

"வந்தாங்களா?"

"வரல."

"எத்தன நாள் வச்சீங்க?"

"நாப்பது."

"நான் முந்நூத்தி அறுபது நாள் வச்சிருக்கேன். அதுக்குமா வரமாட்டாங்க?"

"வரமாட்டா, சாமி."

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. காலையில் நான் கிளம்பும்போதும் முகம் கொடுக்கவில்லை. ஜெயசீலன் பஸ் வரை வந்தார். வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டது மழையைப் பற்றி மட்டும்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குமுளியிலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. எஸ்டேட்டுக்குள் ஜீப் மாலை ஐந்தோடு நின்றுவிடும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தால் உடனே போட்டோ எடுக்காதீர்கள், யாருடையது என்று முதலில் கேளுங்கள். துக்கம் விசாரிக்கிற பயணமாக இருந்தால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். முன்பே போயிருந்தால் அந்தப் பிள்ளை முந்நூற்று அறுபது வரை எண்ணியிருக்காது.

சனிக்கிழமை ராத்திரி ஜெயசீலன் கூப்பிட்டார். பெனிட்டா விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, புது கவுன் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் போகாமல் அவரும் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். பத்து மணி சுமாருக்கு அவள் எழுந்து உள்ளே போய்ச் சீப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாளாம்.

"அவ அம்மா போனதுலேருந்து தலையில யாரையும் கை வைக்க விட்டதில்லக்கா. கோணவகிடா அவளே எடுத்துக்கிடுவா" என்றார். "எனக்குச் சடை பின்னத் தெரியல. ரெண்டு தடவ அவுத்து அவுத்துப் பின்னுனேன். பேசாம உக்காந்திருந்தா."