ஆஷாடத்தில் வாங்கிய மெத்தை

எங்கள் எதிர்வீட்டு வைத்யநாதன் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ரிடையரானவர். மைசூர் அக்ரஹாரத்தில் எந்தச் சுவர் அரை விரல் சாய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மனைவி அன்னபூர்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தது மட்டும் ஒரு வருஷமாகத் தப்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் டாக்டர்தான் கட்டிலைப் பற்றி விசாரித்தார். நடுப்பலகை உடைந்த கட்டில். மேலே குழிந்துபோன இலவம்பஞ்சு மெத்தை. "முதல்ல அதை மாத்துங்க" என்றார். மனிதர் விழித்துக்கொண்டார்.

விழித்தவரை அடக்க முடியுமா? கடை கடையாக ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லாந்தும் ஒருக்களித்தும் குப்புறவும் படுத்துப் பார்த்தார். லேடெக்ஸ் ரப்பர் மெத்தைதான் என்று தீர்மானமாயிற்று. ஆஷாடம் கன்னடக்காரர்களுக்கு ஆகாத மாதம். அதனால் கடைகளில் தள்ளுபடி. வாங்கிவிட்டார். கடையிலிருந்த மேகனா, கொள்ளேகால் பெண், படித்துப் படித்துச் சொன்னாள்: "போனதும் கட்டில்ல விரிச்சுப் போட்டுருங்க சார். நிக்க வெச்சா கோணிக்கும்ங்க."

அவர் காதில் அது ஏறவே இல்லை. மனசெல்லாம் கட்டிலில். தச்சரைக் கூப்பிட்டு, தண்டவாளத்துக்குக் கட்டை அடுக்குகிற மாதிரி பலகைகளை நெருக்கி அடுக்கவைத்தார். காற்றுப் போகக் கொஞ்சம் இடைவெளி, நடுவில் தாங்குகட்டை, அதற்குத் தனியாக ஒரு கால். ரசமட்டம் வேறு வைத்துப் பார்த்தார். அதன்மேல் ரயிலே விடலாம்.

ஆனால் படுக்கக் கூடாது. ஆஷாடமாயிற்றே!

"ஆஷாடத்துல வாங்கினேளே, அது மட்டும் சரியா?" என்றாள் அன்னபூர்ணி மாமி.

"வாங்கறது வேற, உபயோகிக்கறது வேற."

மெத்தை கூடத்துச் சுவரில் நிமிர்ந்து நின்றது. ஆஷாடம் முடிவதற்குள் நம்முடைய ஆடி பிறந்துவிட்டது. மைசூர்த் தமிழனுக்கு உள்ள வசதி அது, ஆகாத மாதம் இரண்டு. மாமி தரையில் ஜமுக்காளத்தில் கிடந்து முனகினாள். "நாள் பாக்கறேளே, என் இடுப்பப் பாக்கறேளா?" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். பாவி மனுஷன் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்து, நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமமிட்டு மெத்தையைக் கட்டிலில் கிடத்தினார்கள். கிடந்ததா? இத்தனை நாள் நின்றதில் கீழ்ப்பக்கம் மடங்கி, நடுவில் காளைக்கு வருவதுபோல ஒரு திமில்.

மாமி என்னைக் கூப்பிட்டு அதைத் தரைக்குத் தள்ளச் சொன்னாள். பழைய இலவம்பஞ்சைத் தட்டி, புதுப் பலகைமேல் விரித்துப் படுத்தாள். அடியில் பள்ளமில்லாததால் மெத்தை குழியவில்லை. கொஞ்ச நாளில் மாமி நேராக நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தாள்.

"லேடெக்ஸ் தானா சரியாயிடும்" என்று வீம்புக்குத் தரையில் அந்தத் திமில்மேல் படுத்துவந்த வைத்யநாதன், ஒருநாள் காலை அலறினார். ஓடினேன். மனிதர் பாதி எழுந்தபடி அப்படியே நின்றுபோயிருந்தார்.

"அன்னம், டாக்டர்கிட்ட கூட்டிண்டு போடி! உயிர் போறது!"

மாமி நிமிர்ந்து நின்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு அஷ்டமியாச்சேன்னா. நாளைக்கு நவமி. தசமிக்குப் போலாம், படுத்துக்கோங்கோ."