கிழக்குக் காற்றில் ஒரு டிரவுட் மீன்

அந்தக் குளிர்காலம் முழுவதும் என் கணவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வாந்தி எடுத்த வாளியைக் கழுவுவது, பிறகு முதியோர் இல்லத்தில் என் ஷிப்டுக்கு ஓடுவது என்று எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்த்தேன். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இதே லண்டனில், டூட்டிங்கில் இருக்கும் அவருடைய அக்காவுக்குக்கூடத் தெரியாது. அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் சளிக்காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

மார்ச் கடைசியில் மருந்துக்கு மூன்று வாரம் இடைவெளி கிடைத்தது. வால்தம்ஸ்டோ நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டு டிரவுட் மீன் பிடிக்கும் பருவமும் அப்போதுதான் தொடங்கியது. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்த காலத்தில் அவர் பழகிக்கொண்டது அது. இத்தனை வருடத்தில் முதல் நாளைத் தவறவிட்டதில்லை. போகத்தான் வேண்டும் என்றார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. மடக்குக் கதிரை, இரண்டு கம்பளி, பிளாஸ்க்கில் தேநீர் எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன்.

நல்ல நாளே இல்லை அது. கிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது. முந்தின வாரத்து மழையில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. காலையிலேயே வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நெடுநேரம் நீரைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் சூடேறவில்லை, மேலே ஒரு பூச்சியும் பறக்கவில்லை, மீன் அடியில்தான் சோம்பிக் கிடக்கும் என்றார். மிதக்கும் நூலைக் கழற்றி மூழ்கும் நூலை மாட்டினார். தூண்டில் முள்ளில் கறுப்பு இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை அதன் நுனியில் முடிய வேண்டும். மருந்தால் அவருடைய விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. உதவப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

கதிரையில் இருந்தபடியே வீசினார். நூல் அடிக்குப் போகும்வரை காத்திருந்து, அங்குலம் அங்குலமாக இழுத்தார். நான் பக்கத்தில் புல்லில் இருந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன்.

அவர் கூப்பிட்ட சத்தத்தில் எழும்பினேன். தூண்டிற்கோல் வளைந்திருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், நீர் பிடியும். எனக்கு ஏலாது."

நோய் வந்த பிறகு தன்னால் முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோலை வாங்கினேன். மீன் இழுத்தால் நூலை விடச் சொன்னார், நின்றால் சுற்றச் சொன்னார். கை விட்டுப்போகும் என்று தோன்றிய நேரத்தில் மீன் கரைக்கு வந்தது. பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கைவலையால் அதைக் கோலி எடுத்துத் தந்தார். விலாவில் இளஞ்சிவப்புக் கோடு ஓடிய மீன். எனக்குச் சந்தோசம் வரவில்லை. புல்லில் இருந்து அழுதேன்.

என் கணவர் பிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது.

"அக்காவுக்கு நான் சொல்லுறன்" என்றார். "நீரும் எவ்வளவெண்டுதான் தாங்குவீர்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே போன் செய்தார். அக்கா முதலில் திட்டினார், பிறகு அழுதார். அன்று மீனை மிளகு போட்டுப் பொரித்தேன். அந்த மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு நான் தனியே சாப்பிட்டேன்.

இரண்டு நாளில் அக்கா பெட்டியுடன் வந்து சேர்ந்தார். மருந்து மறுபடி தொடங்கியபோது அவர்தான் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எனக்கு அன்று லீவு. பகல் முழுவதும் கட்டிலில் கிடந்தேன். நித்திரை வரவில்லை, ஆனால் எழும்ப வேண்டியும் இருக்கவில்லை.