பதினொன்றிலிருந்து மூன்று வரை

படகுத்துறையில் எல்லோரும் அவரை 'பியூஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பியூஸ் கம்பிச் சுருள் இருக்கும், அதனால் வந்த பெயர். வேலையில் கெட்டிக்காரர். பெரிய கப்பல் பட்டறையில் ஆறு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது கைக்குழந்தையோடும் மனைவியோடும் நடுத்தெருவில் நின்றார். அப்போது கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அக்காவின் கணவர்.

அத்தானிடம் ஒரு பழைய மரப்படகு இருந்தது. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும். நாற்பது பேர் உட்காரலாம். காலை ஆறு முதல் பத்தரை வரை ஓட்டம், மறுபடி மூன்றரைக்குத் தொடங்கினால் எட்டு மணி வரை. என்ஜின் ஓடும்போது ஏறுகிற சார்ஜ், விளக்குகளுக்கும் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப்புக்கும் போதவில்லை. அதனால் நடுப்பகலில் படகைத் துறையில் கட்டி, கரையிலிருந்து கரண்ட் இழுத்து பேட்டரிகளைச் சார்ஜ் போட வேண்டும்.

அதற்கிருந்த சார்ஜர், படகை வாங்கிய நாளிலேயே பழசு. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத இரும்புப் பெட்டி. முகத்தில் ஒரு முள், பக்கத்தில் ஒரு திருகு. பேட்டரி நிறைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளும் புத்தி அதற்குக் கிடையாது. யாராவது நிறுத்தும் வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். விட்டால் பேட்டரித் தண்ணீர் கொதித்து, ஆவி கிளம்பி, ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பியூஸ் சொன்னார்: "அத்தான், இந்தப் பெட்டிய மாத்திடலாம். தானா நிறுத்திக்கிற மாதிரி இப்ப வந்துடுச்சு."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு மாப்ள. ஓடுறத எதுக்குக் கழட்டணும்? நீ பாத்துக்க மாட்டியா?"

பார்த்துக்கொண்டார். பதினொன்றிலிருந்து மூன்று வரை என்ஜின் அறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்ப்பார். பேட்டரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, திருகைக் கொஞ்சம் குறைப்பார். வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, மழைக்கு ஒரு கணக்கு. ஒருமுறை படகு டிரைவர், "அண்ணே, ஒரு டைமர் மாட்டினா நேரத்துக்கு நிறுத்திடும்ல?" என்று கேட்டார்.

"டைமருக்கு மூக்கு இருக்கா?" என்றார் பியூஸ். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இப்படிப் பதினைந்து வருடம். சொந்தத்தில் ஒரு நல்லது கெட்டதுக்கு அந்த நேரத்தில் போனதில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் மனைவிதான் போவாள். "அந்தப் பெட்டிதான் உங்க மூத்த சம்சாரம், நான் ரெண்டாந்தாரம்" என்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பதினோராவது வருடம் அது நடந்தது. மனைவி ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். துணி மூட்டையோடு மாடிப்படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது முழங்கை நொறுங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். கையெழுத்து போடணும், வாங்க."

பியூஸ் அத்தானுக்குப் போன் செய்தார். அத்தானின் வீடு துறையிலிருந்து பத்து நிமிட நடைதான்.

"இன்னிக்கா பாத்து இப்படி ஆகணும்" என்றார் அத்தான். "சாயங்காலம் ஒரு கம்பெனிக்காரங்க மொத்தப் படகையும் வாடகைக்குப் பேசியிருக்காங்க. சார்ஜ் இல்லாம ஆத்து நடுவுல நின்னா என் மானம் போயிடும்."

"நீங்க வந்து கொஞ்சம் உக்காந்தா..."

"எனக்கு அதுல என்னப்பா தெரியும்? மூணு மணி வரைக்கும்தானே, முடிச்சிட்டுப் போ. இப்ப போயி நீ என்ன கத்தியப் புடிக்கப் போறியா?"

பியூஸ் எழுந்து சுவிட்ச் மேல் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு அணைத்துவிட்டு ஓடினார்.

கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரம்மா போட்டிருந்தார். மனைவி கட்டோடு படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும், "பேட்டரி நிறைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

அவள் அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, "ம், நிறைஞ்சிடுச்சு" என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முழங்கை அதற்குப் பிறகு பாதிக்கு மேல் மடங்கவில்லை. தையல் வேலை போயிற்று. நேரத்துக்குப் போயிருந்தாலும் கை அப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை இரண்டு தடவை மனைவியிடம் சொல்லிப் பார்த்தார் பியூஸ். மூன்றாம் தடவை சொல்லத் தைரியம் வரவில்லை.

மேலும் நான்கு வருடம் கழித்து அத்தானின் மகன் படகை எடுத்து நடத்தத் தொடங்கினான். இன்ஷூரன்ஸ்காரர் படகைப் பார்க்க வந்தார். என்ஜின் அறையில் தலையை விட்டவர், "இது இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றார். மறுநாளே புது சார்ஜர் வந்துவிட்டது. செருப்புப் பெட்டி அளவுதான் இருந்தது.

மாட்டியதும் பியூஸ்தான். கரைக் கரண்டை நிறுத்தி, பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றினார். பழைய பெட்டியின் போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. ஒன்றை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பச்சை பூத்திருந்த கேபிளை வீசிவிட்டுப் புதுசு இழுத்தார். பேட்டரிக்கு நேர் மேலே மாட்டினால் ஆவி தின்றுவிடும் என்று, காற்று வருகிற பக்கச் சுவரில் மாட்டினார். பேட்டரியை ஒட்டி ஒரு பியூஸ் வைத்தார். என்ன வகை பேட்டரி என்பதை ஒரு சின்னப் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும், அதையும் சொன்னார். ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

போகத் தோன்றவில்லை. உட்கார்ந்தே இருந்தார். இரண்டே காலுக்கு மஞ்சள் அணைந்து பச்சை எரிந்தது. பேட்டரியில் கை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.

அத்தானும் மகனும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதானா மாமா?" என்றான் மருமகன். "இனிமே நீங்க தினமும் அலைய வேண்டாம். ஏதாவது ரிப்பேர்னா போன் பண்றேன்."

பியூஸ் அத்தானைப் பார்த்தார். "அரை நாள் வேலை அத்தான். இத அன்னிக்கே வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம்தான்" என்றார் அத்தான். பொய் சொல்கிற முகமில்லை. "நீ இருந்தியே மாப்ள. அதான் தோணல."

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் இரண்டு தடவை போன் வந்தது. ஒன்று ஹாரன் அடிக்கவில்லை என்று. இன்னொன்று அத்தான் வீட்டு ஃபேனுக்கு. ஃபேனுக்கு அவர் போகவில்லை. அக்கா கிளம்பி வந்துவிட்டாள்.

"அவரு அப்படித்தான், உனக்குத் தெரியாததா? இதுக்காக உறவையே வெட்டிப்பியா?"

"பதினஞ்சு வருஷம்க்கா. பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்தப் பெட்டிய காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"யாரு கட்டி வச்சா உன்ன?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "சுவிட்ச் உன் கையிலதானே இருந்துச்சு. அணைச்சிட்டுப் போயிருந்தா அவரு கத்தியிருப்பாரு. வேற என்ன ஆயிருக்கும்? நீ இல்லாம படகு ஓடாதுன்னு துறையில நாலு பேரு சொன்னாங்க. அது உனக்கு வேண்டியிருந்துச்சு."

அக்கா போன பிறகு அவர் உள்ளே வந்தார். கூடத்தில் மனைவி இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"பாத்தியா, அக்கா எப்படிப் பேசிட்டுப் போறான்னு?"

"அவங்க சொன்னதுல எது தப்பு?" என்றாள் மனைவி.

இப்போது அவர் வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறார். வேலைக்குக் குறைவில்லை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுகிறார். வரும்போது மனைவி சாப்பிட்டு முடித்து, தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். ஒருநாள், கொஞ்சம் பொறுத்தால் சேர்ந்து சாப்பிடலாமே என்றார்.

"பன்னெண்டரைக்கெல்லாம் எனக்குப் பசிச்சிடுது" என்றாள். "அப்படியே பழகிப்போச்சு."

அவருடைய சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்து, தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.