வெளுத்த பாத்தி

மைக்கம்மா ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். பட்டப்பெயரே அப்படித்தான் வந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. காய்கறித் தோட்டமும் கறவை மாடும் இவள் தலையில். அப்பேர்ப்பட்டவள், தக்காளி நாற்று நடுகிற நேரம் பார்த்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொள்ள வேண்டும்?

"இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று மாவுக்கட்டோடு அவள் உட்கார்ந்திருந்தபோது, விவசாயக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். கிராமத்தில் தங்கி வேலை செய்வதும் அவர்களுக்கு ஒரு பாடமாம். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாள். மூன்று பேரும் தோட்டத்தில் இறங்கி நாற்றை நட்டு முடித்தார்கள். மாடு ஒருத்தியை உதைத்துத் தள்ளியது. அவள் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி வாளியோடு போய் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டவளோ, தினமும் காலையில் மைக்கம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். பெற்ற மகள் பக்கத்தில் இருந்திருந்தால்கூட இதைச் செய்திருப்பாளா? மைக்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தவித்தாள்.

கண்ணாடிக்காரி தோட்டத்து ஓரத்தில் இரண்டு கீரைப் பாத்தி போட்டிருந்தாள். "ரெண்டையும் நானே பாத்துக்கறேன்க்கா. நீங்க கையை அசைக்கக் கூடாது" என்று உத்தரவு வேறு. டிரம்மில் ஏதோ ஊட்டக் கரைசல் தயாரித்து ஒரு பாத்திக்கு மட்டும் ஊற்றினாள். அது தளதளவென்று வந்தது. மற்றது வெளுத்து, சோகை பிடித்தாற்போல் நின்றது.

'ஐயோ, மறந்துட்டா போலிருக்கே! டீச்சர் வந்து பாத்தா மார்க் போடுவாங்களா?' மைக்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் வெளியே போகிற நேரமெல்லாம் அதே டிரம்மிலிருந்து கரைசலை மொண்டு, இடது கையாலேயே வெளுத்த பாத்திக்கு ஊற்றினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் வாழ்க்கையில் கட்டிக்காத்த ஒரே ரகசியம் அதுதான்.

பேராசிரியை வந்தார். இரண்டு பாத்தியும் ஒரே பச்சை.

"கரைசல் ஊத்தினது எது, ஊத்தாதது எது?"

கண்ணாடிக்காரிக்கு முகம் செத்துவிட்டது. "வித்தியாசம் இருந்தது மேடம்... எப்படிப் போச்சுன்னு தெரியல."

"வித்தியாசம் தெரியலன்னா இது என்ன சோதனை? எப்படிம்மா உன்னைப் பாஸ் போடறது?"

அப்போதுதான் மைக்கம்மாவுக்கு உறைத்தது. அது மறந்த பாத்தி இல்லை, வேண்டுமென்றே விட்டுவைத்த பாத்தி! நல்லது செய்யப் போய்ப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டாளே!

"ஊத்தினது நான்தாம்மா! புள்ளைக்கு மார்க் கொறைஞ்சிடுமேன்னு ஊத்திட்டேன். கை ஒடிஞ்சு கெடந்தவளைத் தாங்கினதே இவதான். என்னைத் திட்டுங்க, அவளை விட்டுடுங்க!"

கண்ணாடிக்காரி குறுக்கே வந்தாள். "தப்பு என்னுதுதான் மேடம். எதுக்கு இப்படி விட்டிருக்கேன்னு இவங்ககிட்ட நான் சொல்லவே இல்லை."

பேராசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கீரைதானே, சீக்கிரம் வந்துடும். திரும்ப விதை. நான் வந்து பாக்கறேன்."

தோழிகள் ஊருக்குக் கிளம்ப, கண்ணாடிக்காரி மட்டும் தங்கினாள். இம்முறை மைக்கம்மாவே காவல். வெளுக்கிற பாத்தியைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் டிரம் பக்கம் போகவில்லை.

பேராசிரியை மறுபடி வந்தார், பார்த்தார், திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அவர் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கண்ணாடிக்காரி வாளி நிறையக் கரைசலை மொண்டுவந்து நீட்டினாள்.

"இப்ப ஊத்துங்கக்கா, அந்தப் பாத்திக்கு வயிறார ஊத்துங்க."

மைக்கம்மா இரண்டு கையாலும் வாளியை வாங்கினாள். கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை.