கன்னிமார் இருந்த இடம்

அப்போது நான் ஓசூரில் நிருபர். குருபரப்பள்ளி பக்கம் ஓர் ஏரிக்கரையில், மஞ்சள் பூசிய ஏழு கற்களைக் கன்னிமாராக வணங்கினார்கள். அங்கே யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. அதைக் கேலியாக எழுதத்தான் போனேன். படத்துக்கு வெளிச்சம் போதாமல் கற்களை இருபதடி தள்ளி வைத்தேன். திரும்ப எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த மதுரை இளைஞர் ஒருவர், கற்கள் முன்பு இருந்த இடத்தில் குளிக்க இறங்கி மூழ்கிப்போனார்.

செய்திக்கு நானே போனேன். பூசை செய்யும் முனியம்மா சொன்னார்: "அங்க மண்ணு அள்ளுன பள்ளம் சார். ஆளு எறங்கக் கூடாதுன்னுதான் கன்னிமாரை வெச்சோம். ஆரு நகத்துனாங்களோ."

"தெரியலைங்க."

கற்களை அவர் திரும்பச் சுமந்தபோது நானும் ஒன்றைத் தூக்கினேன். இடத்தை அவர் காட்டுமுன்பே சரியாக வைத்துவிட்டேன். முனியம்மா என்னையே பார்த்தார்.

என் செய்தியில் கற்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்று எழுதாமல் விட்ட அந்த வரி இதுதான்: கற்களை நகர்த்தியது நான்.